ஒரு தீவு, இரு வாயில்கள்

ஒரு வளவுக்குள்ளே வாழ்ந்த சகோதரர் இருவர் மனம் வேறுபட்டு, நடுவிலே வேலி அடைத்துக்கொள்வதை நம் ஊர்களிலே நாம் கண்டிருக்கின்றோம். வேலி எழுந்த மறுநாளே வினாக்களும் எழுகின்றன. பங்குக் கிணற்றிலே யார் தண்ணீர் அள்ளுவது? ஒழுங்கையால் யார் வண்டில் விடுவது? மாமரம் வேலிக்கு அப்பால் காய்த்தால் காய் யாருக்கு? இவற்றுக்கெல்லாம் காலப்போக்கிலே எப்படியோ ஒரு வழக்கம் அமைந்துவிடும். வெளியூரிலிருந்து அவ்வளவுக்கு வந்த விருந்தாளியின் பாடே பெருஞ் சங்கடமானது. அவன் எந்தப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான் என்பதைப் பார்த்தே மற்றை வீட்டார் அவனுக்கு முகங்கொடுப்பர். இரு வீட்டாரோடும் அவனுக்குப் பகையில்லை. ஆயினும் வந்த வழி அவனைப் பற்றிக்கொள்கின்றது.

ஒரு வளவுக்கு நேர்ந்தது ஒரு தீவுக்கே நேர்ந்தால் என்னாகும்? மத்தியதரைக் கடலின் கிழக்குக் கோடியிலே கிடக்கும் சைப்பிரஸ் தீவின் கதை அத்தகையது. அதன் பரப்பு 9,251 சதுர கிலோமீற்றர். நமது இலங்கையின் ஏழிலொரு பங்கு. அச்சிறு தீவின் குறுக்கே ஏறக்குறைய 180 கிலோமீற்றர் நீளமான ஒரு பிரிவுக்கோடு செல்கின்றது. அக்கோட்டைக் கடக்க யாருக்கு உரிமை உண்டு, யாருக்கு இல்லை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தூரதேசத்து விவகாரம் நமக்கெதற்கு என்று வாசகர் எண்ணலாம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன், சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதிலே என் வீட்டுப் படலை திறக்கப்படும்வரை. வந்தவர்கள் இருவர். ஒருவன் என்னிடம் உயர்தர வகுப்பிலே பயின்ற மாணவன். மற்றவர் அவனுடைய அம்மப்பா. பையனின் தாயார் சைப்பிரஸின் தலைநகராகிய நிக்கோசியாவிலே ஒரு முதிய மாதுக்குத் துணையாக வீட்டுப்பணி செய்து வருபவர். நம் நாட்டுப் பெண்கள் பலர் அத்தீவிலே அவ்விதம் பணிபுரிகின்றனர் என்பது வாசகர் அறிந்ததே.

பெரியவர் ஒரு கடதாசி உறையை என்னிடம் நீட்டினார். “மாஸ்டர், இவன்ர தாய் எட்டு வருஷமா அங்கைதான் நிக்கிறா. இவனும் அங்கை படிக்கப் போனால் ஞாயிறுக்கு ஞாயிறு தாயைப் பாக்கலாம் எண்டு ஏஜென்சிக்காரன் சொல்லுறான். நீங்கள் ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ” என்றார்.

உறைக்குள்ளே ஒரு பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் இருந்தது. நகரின் பெயர் நிக்கோசியா என்றே அதிலும் எழுதியிருந்தது. தாயும் அதே நகர், மகனும் அதே நகர். பின்னர் பயண ஒழுங்கைப் பார்த்தேன். இஸ்தான்புல் வழியாக எர்ஜான் விமான நிலையம் என்று இருந்தது. அந்த ஒரு சொல்லிலேதான் முழுக் கதையும் அடங்கியிருந்தது. அதனை விளக்குவதற்குச் சரித்திரத்தைச் சிறிது புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

பச்சைப் பென்சிலின் கதை

உதுமானியப் பேரரசின் ஆட்சியிலிருந்த சைப்பிரஸின் நிருவாகம் 1878இலே பிரித்தானியரின் கைக்கு வந்தது. 1925இலே அது முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. 1960 ஆகஸ்ட் 16ஆந் திகதி சுதந்திரம் பெற்றது. அக்காலத்திலே மக்களுள் பெரும்பான்மையோர் கிரேக்க மொழி பேசுவோர். நூற்றுக்குப் பதினெண்மர் வரையிலே துருக்கி மொழி பேசுவோர். குடியரசுத் தலைவர் கிரேக்க சைப்பிரஸ்காரராகவும், உபதலைவர் துருக்கிய சைப்பிரஸ்காரராகவும் இருத்தல் வேண்டுமென யாப்பு விதித்தது. அவ்வாறே பேராயர் மக்காரியோஸ் தலைவராகவும், வைத்தியர் ஃபசில் குச்சுக் உபதலைவராகவும் பதவியேற்றனர். பிரித்தானியா, கிரேக்கம், துருக்கி ஆகிய மூன்று நாடுகளும் இவ்வேற்பாட்டுக்கு உத்தரவாதமளித்தன.

உத்தரவாதம் மூன்று, ஒற்றுமையோ மூன்றாண்டு. 1963 திசெம்பரிலே தலைநகரிலே இரு சமூகத்தாருக்குமிடையே இரத்தக்களரி மூண்டது. அதனைத் தணிக்க வந்த பிரித்தானியப் படையின் தளபதி பீற்றர் யங் என்பவர், நகரின் படத்தை விரித்து வைத்து, இரு பகுதியாரையும் பிரிக்கும் எல்லையைப் பச்சைப் பென்சிலாலே கீறினார். ‘பச்சைக் கோடு’ என்ற பெயர் அதனால் வந்தது. சில வாரங்களுக்கென்று கீறிய கோடு அது. 1964 மார்ச்சிலே ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப் படை அமைக்கப்பட்டது; அது இன்றும் அங்கே நிற்கின்றது.

1974 யூலை 15ஆந் திகதி, கிரேக்கத்தை அன்று ஆண்ட இராணுவக் கும்பலின் தூண்டுதலால் மக்காரியோஸின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. ஐந்து நாள்கள் கழித்துத் துருக்கியப் படை வடகரையிலே இறங்கியது. ஆகஸ்ட் மாத நடுவிலே போர் நின்றபோது தீவின் மூன்றிலொரு பங்குக்கு மேல் அப்படையின் வசமாயிருந்தது. வடக்கிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான கிரேக்க சைப்பிரஸ்காரர் தெற்கே ஓடினர். தெற்கிலிருந்து பல்லாயிரம் துருக்கிய சைப்பிரஸ்காரர் வடக்கே சென்றனர். சமைத்த உணவை மேசையிலே விட்டு, ‘நாளை வருவோம்’ என்று கதவைப் பூட்டிச் சென்றோர் பலர். அந்த நாளை அவர்களுக்கு இருபத்தொன்பது ஆண்டுகளாக வரவில்லை.

1983 நவம்பர் 15ஆந் திகதி வடபகுதி தன்னைத் தனிக் குடியரசாகப் பிரகடனஞ் செய்தது. அப்பிரகடனம் சட்டப்படி செல்லாது என்று ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை அதே மாதத்திலே தீர்மானித்தது. வடபகுதியை ஒரு நாடாக ஏற்றுக்கொண்டது துருக்கி ஒன்றே. ஆகவே, சர்வதேசச் சட்டத்தின் கண்ணிலே சைப்பிரஸ் என்பது முழுத்தீவும் சேர்ந்த ஒரே நாடு. ஆயினும் வடக்கிலே அந்நாட்டின் ஆணை செல்லாது. கடத்தல் விதிகளின் சிக்கல் யாவும் இவ்வொரு முரண்பாட்டிலிருந்தே பிறக்கின்றன.

கதவு திறந்த நாள்

2003 ஏப்ரில் 23ஆந் திகதி எவரும் எதிர்பாராதவாறு வடபகுதி நிருவாகத்தினர் சோதனைச் சாவடியைத் திறந்துவிட்டனர். நிக்கோசியாவின் லெட்ரா பலஸ் ஹோட்டலருகே அன்று விடியற்காலையிலேயே மக்கள் வரிசையாயினர். முதலிலே, சென்றவர் நள்ளிரவுக்குள் திரும்பிவிட வேண்டுமென்ற நிபந்தனை இருந்தது. தாம் பிறந்த வீட்டைக் காணச் சென்ற முதியோர் அவ்வீட்டுக் கதவைத் தட்டியபோது வேறொரு குடும்பம் கதவைத் திறந்தது. அக்குடும்பமும் தெற்கிலே தன் வீட்டை இழந்து வந்ததாகவே பெரும்பாலும் இருந்தது. பலவிடங்களிலே வந்தவர்களை இருத்திக் காப்பி கொடுத்து, பெட்டியிலே பத்திரமாக வைத்திருந்த பழைய குடும்பப் படங்களை எடுத்துக் கையளித்தனராம்.

அதன்பின் சாவடிகள் ஒவ்வொன்றாகப் பெருகின. தலைநகரின் கடைத்தெருவாகிய லெட்ரா வீதி 2008 ஏப்ரில் 3ஆந் திகதி திறக்கப்பட்டது. 2018 நவம்பரிலே மேலும் இரண்டு திறக்கப்பட்டு, கடக்கும் இடங்கள் ஒன்பதாயின. லெட்ரா வீதியால் நடந்தே போகலாம், வாகனம் போகாது. மோட்டார் வண்டியோடு செல்வோர் நகரின் மேற்கே ஐயோஸ் தொமெத்தியோஸ் போன்ற சாவடிகளுக்குச் செல்லல் வேண்டும்.

2004 ஏப்ரில் 24ஆந் திகதி தீவை மீண்டும் ஒன்றாக்குந் திட்டமொன்று மக்கள் தீர்ப்புக்கு விடப்பட்டது. வடக்கிலே நூற்றுக்கு அறுபத்தைவர் வரை ஆமென்றனர். தெற்கிலே நூற்றுக்கு எழுபத்தறுவர் வரை வேண்டாமென்றனர். ஒரு வாரத்தின் பின், மே முதலாந் திகதி, சைப்பிரஸ் ஐரோப்பிய ஒன்றியத்திலே சேர்ந்தது. சேர்ந்தது முழுத்தீவும், ஒன்றியத்தின் சட்டங்கள் நடைமுறையாவதோ தெற்கிலே மாத்திரம். இந்நிலைக்கென்றே ஒன்றியம் 866/2004 என்னும் இலக்கமிட்ட ‘பச்சைக் கோட்டு ஒழுங்குவிதி’யை ஆக்கிற்று.

வந்த வழியைப் பொறுத்தே வழக்கு

இனி விதிகளுக்கு வருவோம். பச்சைக் கோடு ஒரு நாட்டின் எல்லையன்று என்பதே ஒழுங்குவிதியின் அடிப்படை. ஆதலின் அதைக் கடப்பவர் நாட்டைவிட்டு வெளியேறுபவராகக் கருதப்படார். எனினும், கடப்பவர் ஒவ்வொருவரும் யார் என்பதைச் சோதித்தறிய வேண்டுமென்றும், அனுமதிக்கப்பட்ட சாவடிகளால் மாத்திரமே கடக்கலாமென்றும் அது விதிக்கின்றது.

தீவிலே தங்கியிருக்கும் பிறநாட்டாரை மூன்று வகையினராகக் கொள்ளலாம்.

முதல் வகையினர் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரஜைகள். அவர்களுக்கு ஒன்றியமெங்கும் நடமாடும் உரிமை உண்டு. கடவுச்சீட்டையோ ஆளடையாள அட்டையையோ காட்டிக் கோட்டைக் கடப்பர்.

இரண்டாம் வகையினர் ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள நாடுகளைச் சேர்ந்தோராய், தெற்கின் லார்னக்கா அல்லது பாஃபோஸ் விமான நிலையத்தால் முறைப்படி வந்தவர்கள். நம் நாட்டுப் பணிப்பெண்கள் இவ்வகையினரே. சைப்பிரஸ் குடியரசு வழங்கிய வதிவிட அனுமதி அவர்களிடம் இருத்தல் வேண்டும். ‘பிங்க் சிலிப்’ என்று அங்குள்ளோர் பேச்சு வழக்கிலே சொல்வது இதனையே. அனுமதி செல்லுபடியாயிருக்கும்வரை அவர்கள் வடக்கே சென்று தெற்குக்குத் திரும்ப ஒழுங்குவிதி இடமளிக்கின்றது. ஆனால் வடக்குச் சாவடியிலே நிற்போர் வேறு நிருவாகத்தினர். தமக்கென வேறு விசா விதிகளை வைத்திருப்போர். அவர்களும் அனுமதித்தாலே அடுத்த அடி எடுத்து வைக்கலாம். அனுமதிச் சீட்டுக் காலாவதியானவர் சென்றால் திரும்பும்போது தெற்கின் கதவு மூடிக்கொள்ளும்.

மூன்றாம் வகையினரின் நிலையே இரங்கத்தக்கது. வடக்கின் எர்ஜான் விமான நிலையத்தாலோ, கிரீனியா, ஃபமகுஸ்ட்டா துறைமுகங்களாலோ வந்தவர்கள் அவர்கள். அவ்வாயில்கள் யாவும் சட்டபூர்வமானவையல்ல என்று 1974 முதலே குடியரசு அறிவித்துள்ளது. எர்ஜானுக்கு வரும் விமானங்கள் துருக்கியிலே இறங்கியே வருகின்றன. வடக்கு நிருவாகம் கொடுத்த விசாவும் வதிவிட அனுமதியும் மாணவர் அனுமதியும் கோட்டின் தென்புறத்திலே வெறுங்கடதாசிகளே. சைப்பிரஸுக்கு விசா பெற்றே வரவேண்டிய நாட்டவர் ஒருவர், இலங்கையர் உட்பட, எர்ஜானால் வந்திறங்கினால் தெற்கே கடக்க வழியில்லை. ஐந்நூறு அடி தூரத்திலே தெரியும் தெருவும் அவருக்கு அந்நிய தேசமாகும்.

விதி எவ்வளவு விரைவிலே ஆளை மாற்றிவிடும் என்பதற்குப் பிரித்தானியரே சான்று. கிரீனியாப் பக்கத்திலே ஓய்வூதியம் பெற்று வாழும் பிரித்தானியர் பலர் உளர். 2020 முடிவுவரை அவர்கள் முதல் வகையினர். தம் நாடு ஒன்றியத்தை விட்டு விலகியதன் விளைவாக 2021 சனவரி முதலாந் திகதி காலையிலே அயலாராயினர். வீடும் முற்றமும் மாறவில்லை. கடவுச்சீட்டின் பொருள் மாறிவிட்டது.

பையும் வண்டியும்

ஆளுக்கு விதியிருப்பது போலவே அவர் கைப்பைக்கும் விதியுண்டு. வடக்கிலிருந்து தெற்கே வருபவர் தம் சொந்தப் பாவனைக்கு 260 யூரோ பெறுமதியான பொருள்களைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். சிகரெட் நாற்பதுக்கு மேலும், கடுமது ஒரு லீற்றருக்கு மேலும் ஆகாது. மோட்டார் வண்டியோடு தெற்கிலிருந்து வடக்கே செல்பவர், தெற்கிலே பெற்ற காப்புறுதி அங்கே செல்லாதாகையால், சாவடியிலேயே புதிய காப்புறுதி வாங்குதல் வேண்டும். முன்னர் வடக்குச் சாவடியிலே ஒரு தனித்தாளை நிரப்பி அதிலே முத்திரை பெறும் வழக்கம் இருந்தது. 2015 மே மாதத்திலே, வடக்கின் புதிய தலைவர் முஸ்தபா அக்கின்ஜியின் காலத்திலே, அது கைவிடப்பட்டது.

திறந்த கதவு என்றுந் திறந்தேயிருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. 2020 பெப்ரவரி இறுதியிலே கொரோனா நோயைக் காரணங்காட்டித் தெற்கு நான்கு சாவடிகளை மூடியது. அடுத்த மாதம் இருபுறத்தாரும் அநேகமாக எல்லாவற்றையும் மூடினர். இடையிடையே தளர்த்தப்பட்டபோதிலும், கடத்தல் சீராவதற்கு 2021 யூன் வரை செல்லலாயிற்று. தெற்கிலே வேலைக்குச் சென்றுவந்த துருக்கிய சைப்பிரஸ்காரர் பலர் அதனால் வருவாய் இழந்தனர்.

இரு வாயிலுக்கும் நடுவே

இரு வேலிகளுக்கும் இடையே ஐக்கிய நாட்டுப் படையின் பாதுகாப்பிலே உள்ளது இடைவலயம். சிலவிடங்களிலே அதன் அகலம் சில அடிகளே. சிலவிடங்களிலே ஏழு கிலோமீற்றருக்கும் மேல். வெனிஸ் நாட்டார் கட்டிய நிக்கோசியாக் கோட்டை மதிலிலே பதினொரு கொத்தளங்கள் உள. ஐந்து தெற்கிலும் ஐந்து வடக்கிலும் இருக்க, ஒன்று இவ்வலயத்துக்குள்ளே அகப்பட்டுள்ளது. ஒரு காலத்திலே தீவின் பெருமையாயிருந்த நிக்கோசியா விமான நிலையமும் 1974 முதல் இங்கேயே பாழடைந்து கிடக்கின்றது.

கல்லும் மண்ணும் அகப்பட்டால் அழுவதில்லை. 2021 மே மாதத்திலே கமரூன் நாட்டைச் சேர்ந்த இருவர் வடக்கிலிருந்து தெற்கே புகலிடந்தேடி வந்து இவ்வலயத்துக்குள்ளே அகப்பட்டனர். தெற்கு ஏற்க மறுத்தது. வடக்கே திரும்ப அவர்கள் அஞ்சினர். கூடாரத்திலே ஏழு மாதமளவு வாழ்ந்தனர். அவ்வாண்டு திசெம்பரிலே பாப்பரசர் நிக்கோசியாவுக்கு விஜயஞ் செய்த வேளையிலேதான் அவர்களை இத்தாலிக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடாயிற்று. கல்வி பயில வடக்கே சென்று, பணமும் அனுமதியும் தீர்ந்து, இரவிலே கோட்டைக் கடக்க முயலும் இளைஞரும் உளர். அவர்கள் சென்ற நாளிலே அவர்கள் பெற்றோரும் நம்பிக்கையோடுதான் வழியனுப்பியிருப்பர்.

நிலத்தின் கீழே ஓர் ஒற்றுமை

இத்தனைக்கும் நடுவிலே மனத்துக்கு ஆறுதலளிக்கும் செய்தியொன்றும் உண்டு. 1970களிலே நிக்கோசியாவின் கழிவுநீரை அகற்றும் பிரச்சினை எழுந்தது. குழாய்கள் கோட்டை மதித்து நிற்கமாட்டா. நீர் பள்ளத்தை நோக்கியே ஓடும். சுத்திகரிப்பு நிலையமோ வடபுறத்திலே. தெற்கு நகரபிதா லெல்லோஸ் டிமிற்றியாடிஸும், வடக்கு நகரபிதாவாக அந்நாளிலிருந்த அக்கின்ஜியும் 1978இலே உடன்பட்டு அவ்வேலையை நிறைவேற்றினர். மேலே துப்பாக்கி ஏந்தியோர் நிற்க, கீழே ஒரே குழாயிலே இரு நகரங்களின் நீரும் கலந்தோடியது. பங்குக் கிணற்றுக்கு வழக்கம் அமைவது போல இதற்கும் ஒரு வழக்கம் அமைந்தது. இரு தலைவர்களுக்கும் அங்கு வேண்டியிருந்தது அடுத்த வீட்டானின் இடர் தன் இடருமாகும் என்ற அறிவு ஒன்றே.

தாயும் மகனும்

இவற்றையெல்லாம் படத்தை விரித்து வைத்துப் பெரியவருக்கும் பையனுக்கும் விளக்கினேன். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பையன் கைத்தொலைபேசியை எடுத்துத் தாயாரை அழைத்தான். அவ்வம்மையார் லெட்ரா வீதிக்கு அண்மையிலேயே வசிப்பவர். “தம்பி, நான் அந்தச் சாவடியைத் தாண்டித்தான் ஞாயிற்றுக்கிழமையிலை கோயிலுக்குப் போறவங்களோடை நடந்து போறனான். அங்காலை கடை தெரியும், சனம் தெரியும். நீ அங்காலை வந்து நிண்டா நான் வரப் பாப்பன். அவங்கள் என்னை விடவேணும். உன்னை இங்காலை விடமாட்டாங்கள். எனக்கு ஏதும் வருத்தம் எண்டாலும் நீ வரேலாது” என்றார். கடைசி வார்த்தையிலே குரல் தழுதழுத்தது.

பையன் கடிதத்தை மடித்து உறைக்குள்ளே வைத்தான். மறுவாரம் தன் பத்திரங்களை அம்முகவரிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டான். கொடுத்த முற்பணத்திலே பாதியே திரும்பியது. முகவர் சொன்னதிலே பொய் எது என்று தேடினால் அகப்படாது. நகரின் பெயர் மெய். தாயும் அங்கே இருப்பது மெய். நடுவிலே கோடு கிடப்பதை மாத்திரம் அவர் சொல்லவில்லை.

பிள்ளைகளைப் பிறநாட்டுக்கு அனுப்ப எண்ணும் பெற்றோருக்கும், செல்ல விழையும் மாணாக்கருக்கும் நான் சொல்லக்கூடியது இதுவே. நாட்டின் பெயரைக் கேட்டு அமைதியுறாதீர்கள். எந்த விமான நிலையத்திலே இறக்குகிறார்கள், அனுமதியை வழங்குவது எந்த அரசு, அவ்வரசை நம் நாடு ஏற்றிருக்கின்றதா, இடர் வந்தால் முறையிட நமக்கு அங்கே ஒரு தூதரகம் உண்டா என்று கேளுங்கள். சைப்பிரஸிலே படிக்க விரும்புவோர் குடியரசின் மாணவர் விசாவைப் பெற்று லார்னக்கா வழியாகச் செல்வதே முறை. பணங் கொடுக்குமுன் கேட்கும் ஒரு கேள்வி, பின்னர் சிந்தும் கண்ணீரை மிச்சப்படுத்தும்.

அம்மாணவன் இப்பொழுது நம்மூரிலேயே தொழில்நுட்பக் கல்வி பயில்கின்றான். தாயார் வருகின்ற ஆண்டு விடுமுறையிலே வருவதாக எழுதியிருக்கின்றார். விமானம் லார்னக்காவிலிருந்து புறப்படுமாம். அதனைப் பையன் என்னிடம் சொன்னபோது, விமான நிலையத்தின் பெயரை இருமுறை அழுத்திச் சொன்னான்.